உட்கார வைத்துச் சோறு போடுகிறார்களா?

"அவனுக்கென்னப்பா, சஸ்பெண்ட்! காலையில எந்திரிச்சு ஓடவேணாம், பைலைப் பாக்கவேணாம், மாசம் பொறந்தா பாதிச் சம்பளம் வீடு தேடி வருது. நம்மள எவனாவது இப்படி சஸ்பெண்ட் பண்ண மாட்டானான்னு இருக்கு!"

நண்பர்களே, இந்த வசனத்தைக் கேட்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. டீக்கடை பெஞ்சு, டவுன் பஸ், நம் ஹாஸ்டல் வராண்டா... எங்கே நாலு பேர் கூடினாலும் இது ஓடும். சர்வேயர் சஸ்பெண்ட், சார்பதிவாளர் சஸ்பெண்ட், உதவிப் பொறியாளர் பணியிடை நீக்கம் என்று பேப்பரில் வராத நாள் இல்லை. படித்தவுடன் நமக்கு ஒரு திருப்தி. "மாட்டினான்யா!" அடுத்த நிமிடம் ஒரு வயிற்றெரிச்சல். "மாட்டினாலும் அவனுக்குச் சம்பளம் நிக்கலியே!"

இரண்டும் நியாயமான உணர்ச்சிகள்தான். ஆனால் இந்தப் பாதிச் சம்பளம் ஏன் கொடுக்கப்படுகிறது, அது தப்பா சரியா, தப்பென்றால் தப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. நம்மில் பாதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள். நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் நாம். மிச்சப் பாதிப் பேர் கம்பெனி கேட்டுக்குள் போகப் போகிறவர்கள். இரண்டு பேருக்கும் இந்த விஷயத்தில் பங்கு உண்டு என்பதால்தான் மலர்க் குழு கவிதை கேட்டபோது நான் இதை எழுதிக் கொடுக்கிறேன். (கவிதை எழுத ஏற்கெனவே நாற்பது பேர் இருக்கிறார்கள்!)

வெள்ளைக்காரன் இதற்கு ஓர் அழகான பெயர் வைத்திருக்கிறான். கார்டனிங் லீவ். அதாவது தோட்ட விடுப்பு. விசாரணை நடக்கிறதா, அல்லது ராஜினாமா கொடுத்துவிட்டுப் போட்டிக் கம்பெனிக்குப் போகிறாரா, "நீங்கள் ஆபீசுக்கு வரவேண்டாம், சம்பளம் வரும், வீட்டில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருங்கள்" என்று மரியாதையாக அனுப்பிவிடுவார்கள். 1986-ல் பி.பி.சி.யில் வந்த ‘எஸ், பிரைம் மினிஸ்டர்’ என்ற அரசாங்க நையாண்டித் தொடர் இந்தப் பெயரை அங்கே பிரபலமாக்கியது. அங்கே சம்பளம் வழக்கமாக முழுதாகவே வரும். நம்ம ஊர் குவார்ட்டர்ஸில் தோட்டம் ஏது? தொட்டியில் ஒரு துளசிச் செடி இருந்தால் பெரிசு.

நம் நாட்டில் இது இரண்டு வேஷத்தில் வருகிறது. ஒன்று, கட்டாயக் காத்திருப்பு. பெரிய அதிகாரியை ஓர் இடத்திலிருந்து தூக்கிவிட்டு வேறு இடம் கொடுக்காமல் வைத்திருப்பார்கள். ‘காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றம்’ என்று பேப்பரில் படிக்கிறோமே, அது. குற்றமும் சொல்ல மாட்டார்கள், வேலையும் தர மாட்டார்கள். அரசு உத்தரவுக்காகக் காத்திருக்கும் அந்தக் காலத்தை அடிப்படை விதி 9-ன்படி பணிக்காலமாகவே கணக்கிடலாம், அதாவது முழுச் சம்பளம். இது பெரும்பாலும் மேல்தட்டு விவகாரம், இதற்கு மேல் இதைப்பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்றுதான் நாம் எல்லோரும் பேசும் சஸ்பென்ஷன். தமிழில் தற்காலிகப் பணிநீக்கம். அப்போது கொடுக்கும் பணத்துக்குப் பெயர் பிழைப்பூதியம். சம்பளம் என்று சொல்வதில்லை, கவனியுங்கள். பிழைத்துக் கிடப்பதற்கான ஊதியம்!

கணக்கைப் பார்த்துவிடுவோம். கணக்கு என்றால் நமக்கு அரியர் ஞாபகம் வரும், பரவாயில்லை, இது எளிது. மத்திய அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதி 53-ன்படி, அரைச் சம்பள விடுப்பில் போனால் என்ன கிடைக்குமோ அந்தத் தொகையும் அதற்குரிய அகவிலைப்படியும் பிழைப்பூதியம். அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால் 20,000 வரும், அதற்கு அகவிலைப்படி தனி. மூன்று மாதம் ஆனபிறகும் விசாரணை முடியவில்லை, அதற்குக் காரணம் அவர் இல்லை என்றால் அந்த 20,000-த்தில் பாதிவரை கூட்டிக் கொடுக்கலாம், 30,000 ஆகும். அவரே இழுத்தடித்தார் என்றால் பாதிவரை குறைக்கலாம், 10,000 ஆகும். மாநில அரசிலும் அடிப்படைக் கணக்கு இதே மாதிரிதான்.

சரி, இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு அவர் ராஜா மாதிரி இருக்கிறாரா? மாதாமாதம் ‘நான் வேறு எந்த வேலையும் தொழிலும் செய்யவில்லை’ என்று சான்று எழுதிக் கொடுத்தால்தான் பணம். அனுமதி இல்லாமல் தலைமையிடத்தை விட்டு வெளியூர் போகக்கூடாது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரமாக இருந்தால் வந்த வரன் வாசலோடு திரும்பிவிடும். பக்கத்து வீட்டு அம்மா ‘சாருக்கு லீவா?’ என்று தினம் ஒரு தடவை கேட்பார். மானமுள்ளவனுக்கு இது ஜெயில். மானமில்லாதவனுக்கு லீவு. இரண்டு பேருக்கும் ஒரே தொகைதான் போகிறது, அதற்கு அரசாங்கம் என்ன செய்யும்?

அடுத்து முக்கியமான கேள்வி. வேலை செய்யாதவனுக்கு எதற்குப் பணம்?

சஸ்பென்ஷன் என்பது தண்டனை இல்லை, நண்பர்களே. இது நிறையப் பேருக்குத் தெரியாது. குற்றச்சாட்டு வந்திருக்கிறது, இவர் அதே நாற்காலியில் இருந்தால் பைலைக் கிழிப்பார், சாட்சியை மிரட்டுவார், ஆகவே விசாரணை முடியும்வரை தள்ளி நில்லுங்கள் என்பதுதான் சஸ்பென்ஷன். வேலை போய்விடவில்லை. எஜமான்-ஊழியர் உறவு அறுந்துவிடவில்லை. அறுபடாததால்தான் ‘வேறு வேலைக்குப் போகாதே’ என்று கட்டளை போட முடிகிறது. வேறு வேலைக்கும் போகாதே, இங்கேயும் வராதே, காசும் கிடையாது என்றால் அவன் எதைத் தின்பான்? அவன் திருடனாகவே இருக்கட்டும், அவன் பிள்ளைக்கு என்ன?

இதை நான் சொல்லவில்லை, உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மூன்று வழக்குகள். சட்டக் கல்லூரிக்காரன் மாதிரி அளக்கிறான் என்று நினைக்காதீர்கள், கதையாகவே படிக்கலாம்.

மத்தியப் பிரதேசத்தில் ஒரு வன ரேஞ்சர். அவர் இருந்தது ரேவா. விசாரணை வைத்தது ஜகதல்பூரில். இடையில் 500 கிலோமீட்டர். பிழைப்பூதியம் கொடுக்கவில்லை, போய்வரக் கையில் காசில்லை, போகவில்லை. ‘வராதவன் குற்றவாளி’ என்று முடித்து டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். 1973-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சோற்றுக்குக் காசு கொடுக்காமல் ‘வந்து வாதாடு’ என்பது விசாரணை ஆகாது.

இரண்டாவது, நம் ஜனங்கள் ஏராளமாகப் போய் மண்ணுக்கடியில் உழைத்த கோலார் தங்கவயல். பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி கேப்டன் பால் ஆண்டனி. 1985-ல் அவர் வீட்டில் போலீஸ் சோதனை. நாலரை கிராம் எடையுள்ள தங்க உருண்டையும் தங்கம் கலந்த மணலும் கிடைத்ததாகச் சொன்னார்கள். சஸ்பெண்ட். பிழைப்பூதியம் தரவில்லை. அவர் கேரளாவுக்குப் போய்விட்டார், விசாரணைக்கு வந்துபோகப் பணமில்லை. அவர் இல்லாமலே நடத்தி 1986-ல் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். 1987-ல் கிரிமினல் கோர்ட், குற்றம் நிரூபணமாகவில்லை என்று விடுதலை செய்தது. அப்படியும் வேலை தர மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அவருக்கு மீண்டும் வேலை கொடுக்கச் சொன்னது எப்போது தெரியுமா? 1999-ல். பதினாலு வருடம்! ராமர் காட்டில் இருந்த காலம். பிழைப்பூதியம் தராமல் இருப்பது உயிர்வாழும் உரிமையையே பறிப்பது, அதாவது அரசியலமைப்பின் 21-வது பிரிவில் கைவைப்பது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

மூன்றாவதுதான் வேடிக்கை. பம்பாய் அரசின் விதிகளில் ஒரு பிரிவு. கிரிமினல் கோர்ட்டில் தண்டனை பெற்று, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும் ஊழியருக்குப் பிழைப்பூதியம் எவ்வளவு? மாதம் 1 ரூபாய். ஆமாம், ஒரே ஒரு ரூபாய். அந்த விதியை 1983-ல் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது.

ஆகவே என் கட்சி தெளிவு. பாதிச் சம்பளம் கொடுப்பது சரி. அதைப் பிடுங்க வேண்டும் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

"லஞ்சம் வாங்கிக் கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்குமா?" என்று என் ரூம்மேட் சண்டைக்கு வந்தான். பிடிபடுவது எப்படி என்று நம் எல்லோருக்கும் தெரியும். முதல் வருடம் கெமிஸ்ட்ரி லேப்பில் டைட்ரேஷனுக்கு இரண்டு சொட்டு விடுவோமே பினாப்தலீன், அதன் பொடியைத்தான் லஞ்ச ஒழிப்புப் போலீசார் நோட்டில் தடவிக் கொடுப்பார்கள். வாங்கியவர் விரலை சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் ரோஸ் கலர். நமக்கு வைவாவில் மார்க் வாங்கித் தந்தது அவருக்கு வேலைக்கு உலை! சரி, ரோஸ் கலர் வந்துவிட்டது, சாட்சி இருக்கிறது, நோட்டு நம்பர் இருக்கிறது. அப்படியென்றால் விசாரணையை மூன்று மாதத்தில் முடித்து வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதானே? ஏன் எட்டு வருடம், பத்து வருடம் பாதிச் சம்பளம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்? வெட்கப்பட வேண்டியது அவன் வாங்கும் பாதிச் சம்பளத்துக்கு இல்லை, அந்தப் பத்து வருடத்துக்கு.

தப்பு தாமதத்தில்தான் இருக்கிறது.

ஏன் தாமதம்? விசாரணை அலுவலர் என்று தனியாக ஒருவர் பெரும்பாலும் இருப்பதில்லை. வேறொரு துறை அதிகாரி, அவருக்கே தலைக்குமேல் வேலை, அதோடு இதுவும். ஒரிஜினல் பைல் லஞ்ச ஒழிப்புத் துறையில் மாட்டியிருக்கும், அல்லது கோர்ட்டில் இருக்கும். சாட்சி சொல்ல வேண்டிய கிளார்க் ராமநாதபுரத்துக்கு மாற்றலாகியிருப்பார். இன்னொரு சாட்சி ரிட்டயர்டு. கிரிமினல் கேஸ் முடியட்டும் என்று துறை காத்திருக்கும், துறை ரிப்போர்ட் வரட்டும் என்று இன்னொருவர் காத்திருப்பார். நடுவில் இவர் ஹைகோர்ட்டில் ஸ்டே வாங்குவார். யாரும் யாரையும் அவசரப்படுத்த மாட்டார்கள், ஏனென்றால் தாமதத்தால் யாருக்கும் சொந்தக் காசு போவதில்லை.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்பது என் அபிப்பிராயம். சஸ்பென்ஷன் ஆர்டர் போட்டவுடன் ஊரின் கோபம் அடங்கிவிடுகிறது. ஒரு பாலம் இடிந்தது, பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது, மறுநாள் ‘உதவிப் பொறியாளர் சஸ்பெண்ட்’. அத்தோடு சரி, நடவடிக்கை எடுத்தாயிற்று. அவர் திரும்ப வேலையில் சேர்ந்த நாளில் எந்தப் பேப்பராவது செய்தி போட்டு நான் பார்த்ததில்லை. பாலம் ஏன் இடிந்தது, மேலே யார் பில்லில் கையெழுத்துப் போட்டார்கள் என்ற கேள்வியும் அந்த ஆர்டரோடு சஸ்பெண்ட் ஆகிவிடுகிறது.

இதற்கெல்லாம் விதி இல்லையா என்றால், இருக்கிறது. மத்திய அரசின் விதிகளில் 90 நாளுக்குள் சஸ்பென்ஷனை மறுபரிசீலனை செய்தாக வேண்டும், நீட்டித்தால் ஒரு தடவைக்கு 180 நாளுக்கு மேல் நீட்டிக்க முடியாது, பரிசீலனையே செய்யாமல் விட்டால் அந்த உத்தரவு செல்லாது. 2015-ல் அஜய்குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே போய், மூன்று மாதத்துக்குள் குற்றப் பத்திரிகை கொடுக்காவிட்டால் சஸ்பென்ஷனைத் தொடரக்கூடாது, கொடுத்திருந்தால் ஏன் தொடர்கிறோம் என்று காரணம் எழுத வேண்டும் என்றது. வேண்டுமானால் அவரை வேறு ஊருக்கு, வேறு ஆபீசுக்கு மாற்றி வேலை வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னது. 2018-ல் தமிழ்நாடு அரசே கட்சிக்காரராக இருந்த ஓர் ஐ.பி.எஸ். அதிகாரியின் வழக்கிலும், ஆண்டுக்கணக்காக சஸ்பென்ஷனில் வைத்திருப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை, முக்கியத்துவம் இல்லாத ஓர் இடத்தில் வேலை கொடுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் மூன்று மாதம் ஆனவுடன் உத்தரவு தானாக ரத்தாகிவிடும் என்று அர்த்தமில்லை, ஒவ்வொரு வழக்கையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு கூறிவிட்டது. ஆக, கதவு பாதி திறந்து பாதி மூடியிருக்கிறது.

எனக்குப் பிடித்தது அந்த ‘வேறு ஆபீசில் வேலை வாங்கு’ என்ற யோசனைதான். பணம் புழங்காத இடமா இல்லை? பழைய வரைபடங்களை அடுக்கச் சொல்லலாம். ரெக்கார்டு ரூமில் கரையான் அரிக்கிற பதிவேடுகளைப் படியெடுக்கச் சொல்லலாம். சம்பளம் வாங்குகிறவன் ஏதோ ஒரு வேலை செய்கிறான் என்றால் டீக்கடையில் பேச்சும் எழாது, அவர் மனசும் அழுகாது. ஏனென்றால் இப்போது நடப்பது என்ன? மத்திய அரசில் 1985-ல் வந்த ஓர் உத்தரவுப்படி, பெரிய தண்டனைக்காக ஆரம்பித்த விசாரணை கடைசியில் சிறு தண்டனையோடு முடிந்தாலே, அந்த சஸ்பென்ஷன் நியாயமில்லாதது என்று கொண்டு முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும். அதாவது ஐந்து வருடம் உட்கார வைத்து, முதலில் பாதியும் பிறகு மீதியும் கொடுத்து, ஒரு நாள் வேலையும் வாங்காமல் அரசாங்கம் கஜானாவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த ஐந்து வருடமும் அவர் நாற்காலி காலி. பக்கத்து செக்‌ஷன்காரருக்குக் கூடுதல் பொறுப்பு. அவர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். பட்டாவுக்கும் ஓய்வூதியத்துக்கும் நடக்கிற கிழவி அந்த இரண்டு நாள் எது என்று தெரியாமல் ஐந்து நாளும் நடப்பாள்.

ஓய்வு பெறும் நாளில் சஸ்பெண்ட் செய்கிற ஒரு வழக்கமும் நம் மாநிலத்தில் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர், மாலைக்குச் சொல்லிவிட்டு, போட்டோகிராபரை வரவழைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஐந்து மணிக்குக் கவர் வரும். ஓய்வும் கிடையாது, வேலையும் கிடையாது. இந்த நடைமுறை தவிர்க்கப்படும் என்று 2021-ல் சட்டப்பேரவையில் அரசு அறிவித்தது, நல்ல காரியம். முப்பது வருடம் தெரியாத குற்றம் கடைசி நாள் மாலையில்தான் தெரிந்ததா என்று கேட்க ஆளில்லாமல் இருந்தது அதுவரை.

இவ்வளவு தூரம் அரசு ஊழியருக்காக வக்காலத்து வாங்கிவிட்டு, ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் என் அப்பா முகத்தில் நான் விழிக்க முடியாது.

நான் எட்டாவது படிக்கும்போது நடந்தது. எங்கள் பக்கத்தில் ஓர் அரசுத் துறையின் பிரிவு அலுவலகம், பெயர் வேண்டாம். அங்கே சிறுபாலம் கட்டும் வேலையில் அப்பா தினக்கூலி, காண்ட்ராக்டர் மூலமாக. பகலில் கலவை போடுவார், சில நாள் ராத்திரி காவலுக்கும் படுப்பார். திடீரென்று மேலதிகாரி வந்து ஸ்டாக் எண்ணினார். நாற்பது மூட்டை சிமெண்ட் குறைந்தது. ஒரு வாரத்தில் ஜே.இ. சஸ்பெண்ட். அன்று சாயங்காலமே காண்ட்ராக்டர் பைக்கில் வந்தார், இறங்கவில்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டே சொன்னார்: "ராத்திரி படுத்த ஆளுங்க யாரும் நாளையிலருந்து வர வேணாம்."

அப்பா கேட்டார்: "எத்தனை நாளைக்குங்க?"

"கேஸ் முடியட்டும்ப்பா, பாக்கலாம்."

அவ்வளவுதான் அப்பாவின் சஸ்பென்ஷன் ஆர்டர். பேப்பர் இல்லை, கையெழுத்து இல்லை, 17(ஆ) இல்லை, விசாரணை அலுவலர் இல்லை. வரவேண்டிய இரண்டு வாரக் கூலியும் நின்றுபோனது. நாற்பது மூட்டையைக் கடத்த அப்பாவிடம் இருந்தது ஒரு சைக்கிள், அதற்கும் கேரியர் உடைந்திருந்தது. அம்மாவின் தோடு அந்த மாதம் அடகுக்குப் போனது. அப்பா மட்டுமில்லை, அவரோடு காவலுக்குப் படுத்த இன்னும் மூன்று பேர். ஒருவர் திருப்பூருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்.

ஜே.இ. கெட்டவர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். சஸ்பென்ஷனில் இருந்தபோது அவர் எங்கள் தெரு ரேஷன் கடைக்கு வருவார். அவர் தெருவிலேயே கடை உண்டு. அங்கே நிற்க வெட்கம். ஒருநாள் வரிசையில் அப்பாவுக்கு முன்னால் நின்றிருந்தவர் திரும்பிப் பார்த்து, "எப்படிப்பா இருக்கே?" என்று கேட்டாராம். அப்பா, "இருக்கேங்க சார். நீங்க?" "இருக்கேன்." இவ்வளவுதான் பேச்சு. "உன் பையனை பத்தாவது முடிச்சதும் டிப்ளமோவில் போடு" என்று அப்பாவிடம் முதலில் சொன்னவரும் அவர்தான், இந்த அமளிக்கு முந்தி. அந்த ஒரு வார்த்தையால்தான் நான் இங்கே சிவில் படிக்கிறேன்.

மூன்று வருடத்துக்குப் பிறகு ஜே.இ. வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். களவு நிரூபணமாகவில்லை, கவனக்குறைவு என்று சம்பள உயர்வில் ஏதோ வெட்டு. நிலுவைச் சம்பளமும் வந்ததாகக் கேள்வி. கேஸ் முடிந்தது. அப்பாவைக் கூப்பிட யாரும் பைக்கில் வரவில்லை.

இந்த இடத்தில்தான் நம்மில் பலருக்குக் கோபம் திசை மாறிப் போகிறது. "எங்கப்பாவுக்கு இல்லாதது அவனுக்கு எதுக்கு? அவனுக்கும் நிறுத்து!" என் சித்தப்பா இன்றும் இப்படித்தான் கத்துவார். யோசித்துப் பாருங்கள். ஜே.இ.யின் பாதிச் சம்பளத்தை நிறுத்தியிருந்தால் அப்பாவுக்கு அந்தப் பணம் வந்திருக்குமா? ரேஷன் வரிசையில் இரண்டு பேருக்குப் பதில் இரண்டு பட்டினி நின்றிருக்கும். ஜே.இ.க்குக் கிடைத்தது சலுகை இல்லை. ‘குற்றம் நிரூபணமாகும்வரை உன்னைப் பட்டினி போட மாட்டேன்’ என்ற ஒரு வாக்குறுதி. அதைச் சங்கம் வைத்து, கோர்ட்டுக்குப் போய், பல பேர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அந்த வாக்குறுதியை யாருமே கொடுக்கவில்லை என்பதுதான் அநியாயம். மேலே இருப்பவனைக் கீழே இழுத்தால் கணக்கு சமமாகும், வயிறு நிறையாது.

தனியார் துறைக்கு மட்டும் சட்டம் இல்லாமல் இல்லை. 1981-ல் தமிழ்நாடு பிழைப்பூதியம் வழங்குவதற்கென்றே ஒரு சட்டம் கொண்டு வந்தது. சஸ்பெண்ட் செய்த முதல் 90 நாளுக்கு 50 சதவீதம், அடுத்த 90 நாளுக்கு 75, 180 நாளைத் தாண்டினால் முழுச் சம்பளம். படிக்கும்போது எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அரசு ஊழியருடையதைவிட நல்ல கணக்கு! 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் விசாரணையைச் சாதாரணமாக 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் யாருக்கு? ‘உன்னை சஸ்பெண்ட் செய்கிறேன்’ என்று எழுதிக் கொடுக்கப்பட்டவனுக்கு. ‘நாளையிலருந்து வர வேணாம்’ என்று வாயால் சொல்லப்பட்டவன் எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? காண்ட்ராக்டரின் மஸ்டர் ரோலில் அவன் பெயர் இருந்ததா என்பதே சந்தேகம்.

இனி நம் விஷயம். மூன்றாம் வருடம் முடிந்து நம்மில் பலர் போகப்போவது அப்ரண்டிஸாக. 1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி அல்லர், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. பாதுகாப்பு, சுகாதாரம் மாதிரி சில விஷயங்களில் மட்டும்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். லேத்தில் நாம் கடைகிற ஷாப்ட் அதே ஷாப்ட்தான், கையில் ஒட்டுகிற கிரீஸ் அதே கிரீஸ்தான், ஆனால் நாம் தொழிலாளி இல்லை. ஸ்டோரில் நாளைக்கு ஒரு வெர்னியர் காணாமல் போனால் நம்மை யாரும் சஸ்பெண்ட் செய்ய மாட்டார்கள். கேட் வாட்ச்மேனிடம் நம் பெயரைச் சொல்லிவைத்தால் போதும்.

அதனால்தான் மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். வருடாவருடம் பிரின்சிபாலிடம் கேன்டீன் பரோட்டா விலையைக் குறைக்கச் சொல்லி மனு கொடுக்கிறோம், நல்லது, கொடுப்போம். அதோடு, பிளேஸ்மெண்டுக்கு வருகிற ஒவ்வொரு கம்பெனியிடமும் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுவோம். பையன்மேல் புகார் வந்தால் எழுத்தில் கொடுப்பீர்களா, எத்தனை நாளில் விசாரிப்பீர்கள், அதுவரை உதவித்தொகை உண்டா? பிளேஸ்மெண்ட் ஆபீசர் நல்லவர், கேட்பார் என்றுதான் நினைக்கிறேன். கேட்டுவிட்டால் வருகிற கம்பெனி ஓடிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. எங்கள் வீட்டில் முதன்முதலாக சம்பள கவர் வாங்கப் போகிறவன் நான்தான்.

போன வருடம் இங்கே முடித்துப் போன அண்ணன் ஒருவர் தன் ஆர்டரை என்னிடம் படிக்கக் கொடுத்தார். இங்கிலீஷில் ஆறு பக்கம். எத்தனை நாள் லீவு எடுத்தால் எவ்வளவு பிடிப்போம், யூனிபார்ம் கிழிந்தால் யார் காசு, செல்போன் உள்ளே கொண்டுவந்தால் என்ன அபராதம் என்று எல்லாம் இருந்தது. அவர்மேல் யாராவது ஒரு பழி சொன்னால் அவரை என்ன கேட்பார்கள், யார் கேட்பார்கள் என்று ஆறு பக்கத்திலும் ஒரு வரி இல்லை. திருப்பித் திருப்பி இரண்டு தடவை தேடினேன். "என்னடா தேடுறே?" என்றார் அண்ணன். சொன்னேன். அவரும் வாங்கி ஒருதடவை தேடிப் பார்த்தார்.